ஊருக்கு ஒரு இங்கிலீஷ்

சாலைப்பொட்டல் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்த இங்கிலீஷ் ஒன்றே ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருத்தரிடம்தான் அது இருக்கும். அந்த ஒருத்தர் இறக்கி வைத்தால்தான் அடுத்தவருக்கு ஏறும்.

அதைக் கொண்டுவந்தது ஒரு போர்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கரும்பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினார்கள். மாட்ட வந்த ஆள் சுவரில் துளை போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். இனிமேல் டீச்சர் வாசிக்க, பிள்ளைகள் கொட்டாவி விட என்று இங்கிலீஷ் பாடம் நடக்காது. போர்டு கேட்கும், பிள்ளை பதில் சொல்லும். பிள்ளை கேட்கும், போர்டு பதில் சொல்லும். பேசுவதற்குப் பிள்ளையிடம் இங்கிலீஷ் வேண்டுமே என்றால், அதையும் போர்டே கொடுத்துவிடும். கீழ்மூலையில் கட்டைவிரலை வைத்தால் ஏறும். மறுபடி வைத்தால் இறங்கும். தினமும் யாராவது போர்டோடு பேசியாக வேண்டும். பேசாமல் போட்டு வைத்தால் மேலே இருப்பவர்கள் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

“எத்தனை பேருக்கு ஏறும் சார்?” என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

“ஒருத்தருக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணுன்னுதான் வாங்கியிருக்காங்க.”

“சரி,” என்றார் ஹெட்மாஸ்டர். அவர் ஓய்வு பெறப் போகிறவர். எதற்கும் சரி என்றுதான் சொல்வார்.

இன்னொன்றும் இருந்தது. பக்கத்தில் வேறு இங்கிலீஷ் இருந்தால் போர்டுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் இங்கிலீஷ் எடுக்கும் ஜெயசீலி டீச்சரை முதலில் விரல் வைக்கச் சொன்னார்கள். டீச்சர் காலேஜில் படித்தது, அதற்குப் பிறகு வருஷக்கணக்காகப் பாடம் நடத்திச் சேர்த்தது, பைபிள் வாசித்துச் சேர்த்தது எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போர்டுக்குள் போய்விட்டது. டீச்சர் விரலை எடுத்து முந்தானையில் துடைத்தார். பழக்கதோஷத்தில் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, “கை லேசா சுடுது,” என்றார். நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வருகைப் பதிவில் கடைசிப் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதிக்கொண்டார்.

முதலில் அந்த வரிசைப்படிதான் நடந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஒரு பிள்ளைக்கு ஏறும். பகலெல்லாம் போர்டும் அந்தப் பிள்ளையும் பேசுவார்கள். மற்றவர்கள் வாய் பார்ப்பார்கள். சாயங்காலம் அந்தப் பிள்ளை இங்கிலீஷை வீட்டுக்குக் கொண்டுபோகும். மறுநாள் காலை கொண்டுவந்து இறக்கும். “இன்னைக்கு இங்கிலீஷ் யாரு வீட்டுல?” என்று ஊரே கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த வீட்டுக்குப் போகும். மோட்டார் வாங்கினவர்கள் அதோடு வந்த புத்தகத்தை எடுத்துப் போவார்கள். துபாய்க்குப் போகிறவர்கள் விசாவை எடுத்துப் போவார்கள்.

முப்புடாதிக்கு ஒரே ஒரு நாள் கிடைத்தது. அவள் கீழத்தெரு. அம்மா சொர்ணக்கிளி ரைஸ் மில் களத்தில் நெல் காயப்போடுகிறவள். அப்பா கேரளாவில் கொத்து வேலை. அன்றைக்கு விரலை வைத்தபோது பல் கூசியது, அவ்வளவுதான். மற்றவர்கள் சொன்ன மாதிரி காதுக்குள் மணியெல்லாம் அடிக்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று போர்டு கேட்டது. பழைய சோறு என்று சொன்னாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டது. விளக்கினாள். தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டது. சின்ன வெங்காயம் என்றாள். உரித்தா, உரிக்காமலா என்று கேட்டது. அவள் பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை. ஒரு கட்டத்தில் போர்டு சிரித்தது. எதற்கென்று தெரியாமல் வகுப்பும் சிரித்தது.

“ஏ, என்னட்டி சொன்ன?” என்று பின்னாலிருந்து இசக்கித்துரை கேட்டான். அவனும் கீழத்தெருதான்.

“ஒன்னயப் பத்திச் சொன்னேன். அதான் போர்டு சிரிக்கி.”

சாயங்காலம் வீட்டு வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுத் தங்கம் அக்கா ஒரு டானிக் பாட்டிலோடு வந்தாள். முப்புடாதி வாசித்துப் பார்த்தாள்.

“யக்கா, இது மாட்டுக்குக் குடுக்குறது.”

“அதான் இடுப்புவலிக்கு நல்லாக் கேக்குது,” என்று சொல்லிவிட்டுத் தங்கம் அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை இறக்கினாள். முந்தின நாள் தான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. எந்த வார்த்தையால் சொன்னாள் என்பதுதான் இல்லை.

அந்த வாரமே பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் நடந்தது. தலைவர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி. ரைஸ் மில்காரர். மேலத்தெருவில் மாடி வைத்த வீடு. அவர் மகன் அதே வகுப்பில் படித்தான். அவன் பெயர் வருகைப் பதிவில் முப்புடாதிக்குப் பின்னால் வருகிறது. பிரச்சினை அதுதான். ஆனால் அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை.

“நான் யாரையும் கொறை சொல்லல. சாமிக்கே ஒரு மொற இருக்கு. கோயில் கொடை பத்து நாளும் இன்ன நாளு இன்னாரு மண்டகப்படின்னு இருக்கு. அந்த நாளுல சாமி அவங்க வீட்டு வாசல்ல நிக்கி, அவங்களுக்கு மொத மரியாதை. இங்கிலீஷு என்ன, சாமிய விடப் பெருசா?”

“இல்ல,” என்றார் ஹெட்மாஸ்டர்.

“அப்ப முடிஞ்சு போச்சு. மண்டகப்படி வரிசைப்படியே போகட்டும்.”

கீழத்தெருவுக்கு மண்டகப்படி கிடையாது. சாமி வருகிற சப்பரம் தெரு முக்கு வரைக்கும் வரும். அங்கே நின்று திரும்பிவிடும். உள்ளே வந்தால் திருப்ப இடம் பத்தாது என்று ஒரு காரணம் சொல்வார்கள். அந்தத் தெருவில் தண்ணி லாரி வந்து திரும்பிப் போகிறது. அதை விடுங்கள். இங்கிலீஷும் அதே மாதிரி தெரு முக்கு வரைக்கும் வரலாம், பார்க்க வேண்டியவர்கள் அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஜெயசீலி டீச்சர் கையைத் தூக்கினார். அவர் என்ன சொல்ல நினைத்தாரோ, ஹெட்மாஸ்டர் அதற்குள் நன்றியுரைக்குப் போய்விட்டார்.

மண்டகப்படி என்பது வீட்டுக்கு உள்ளது, பிள்ளைகளுக்கு உள்ளது அல்ல. அதனால் வீட்டுப் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் ஏறியது. முதல் நாள் குற்றாலலிங்கம் அண்ணாச்சி மாலையோடு வந்து விரலை வைத்தார். மேளம் அடித்தார்கள். தினமும் போர்டோடு பேசியாக வேண்டுமே, அதனால் அவரே முதல் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார். அவருக்குச் சர்பத் வந்தது. ஏதோ பெரிய பேச்சு. கைகளை விரித்துக் காட்டினார், போர்டில் ஒரு நெல் மூட்டைப் படம் வந்தது, அதைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு அடுத்த நாள் உரக்கடைக்காரர். அதற்கடுத்த நாள் பஸ் ஓனரின் அண்ணன். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை மேலிருந்து அதிகாரி வந்தார். முதல் பெஞ்சில் ஒரு வேட்டிக்காரர் போர்டோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வகுப்பில் ஈடுபாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்புடாதிக்கு நர்சிங் படிக்க வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் நர்சிங் கல்லூரியில் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று கட்டணம் இல்லாத சீட்டு ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். அவள் விண்ணப்பித்தாள். பதினோராம் வகுப்பு மார்க்கே போதும் என்று கூப்பிட்டுவிட்டார்கள். நேர்காணல் மட்டும்தான் பாக்கி. அதற்கு மதுரைக்குப் போக வேண்டியதில்லை. அவள் பள்ளியில்தான் பேசுகிற போர்டு இருக்கிறதே, அதிலேயே அவர்கள் வருவார்கள். செவ்வாய்க்கிழமை காலை. இங்கிலீஷில்.

“செவ்வாக்கெழம யாரு மண்டகப்படி?” என்று கேட்டார் ஜெயசீலி டீச்சர். வரிசை சுற்றி முடிந்து மறுபடி ஆரம்பத்துக்கு வந்திருந்தது. குற்றாலலிங்கம் அண்ணாச்சி.

இரண்டு பேரும் மில்லுக்குப் போனார்கள். களத்தில் அம்மா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி திரும்பி அடுத்த பாத்தியைத் துழாவப் போனாள். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வாங்க டீச்சர். உக்காருங்க.” ஒரே ஒரு நாற்காலி போட்டார்கள். டீச்சரும் உட்காரவில்லை.

“அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்குச் செவ்வாக்கெழம நேர்காணல் இருக்கு. ஒரு மணி நேரம் இங்கிலீஷ இவளுக்கு ஏத்திக்கிட்டா நல்லது. முடிஞ்சதும் ஒங்களுக்கே திருப்பி ஏத்திருவோம்.”

அண்ணாச்சி யோசித்தார். “குடுக்கதுல எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். நான் அப்படிப்பட்டவன் கெடையாது. ஆனா என் மண்டகப்படி அன்னைக்கு எறக்குனா மொற தப்பிரும்லா? நாளைக்கு உரக்கடைக்காரன் என்ன கேப்பான்? நீரு மட்டும் எறக்குனீரேம்பான்.”

“ஒரு மணி நேரந்தான் மொதலாளி,” என்றாள் முப்புடாதி.

“ஒரு நிமிசம்னாலும் மொற மொறதானட்டி.”

  பிறகு அண்ணாச்சியே ஒரு வழி சொன்னார். இங்கிலீஷ் அன்றைக்கு அவரிடம்தான் இருக்கிறது. நேர்காணல் இங்கிலீஷில்தான் நடக்கிறது. ஆகவே நேர்காணலில் அவர் பேசுவதுதானே சரி?

“நீ பின்னால நின்னு தமிழ்ல சொல்லு. நான் முன்னால உக்காந்து இங்கிலீஷ்ல சொல்லுதேன். ஒனக்கும் வேல ஆச்சு, மொறையும் தப்பல.”

முப்புடாதி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி இருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

“சரி மொதலாளி,” என்றாள்.

திரும்பி வரும்போது களத்தில் அம்மா கேட்டாள். “என்னட்டி சொன்னாவ?”

“அவுகளே வந்து பேசுதாவளாம்.”

“பெரிய மனுசரு. நல்லாத்தான் பேசுவாவ,” என்றாள் அம்மா. கேலியா, நிஜமா என்று தெரியவில்லை. அம்மாவிடம் எதுவும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். விரலை வைத்தார். நேர்காணலுக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். முப்புடாதி அவருக்குப் பின்னால் நின்றாள். யூனிபாரத்தை இசக்கித்துரை வீட்டில் கொடுத்து இஸ்திரி போட்டிருந்தாள். ஜன்னலில் பாதி வகுப்பு தொங்கியது. டீச்சர் கதவருகே நின்றார்.

போர்டில் ஒரு அம்மா வந்தார். கண்ணாடி போட்டவர். வெள்ளைச் சேலை. அவர் முதலில் அண்ணாச்சியைப் பார்த்தார், பிறகு முப்புடாதியைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“பேரு கேக்காங்க,” என்றார் அண்ணாச்சி.

“முப்புடாதி.”

அண்ணாச்சி அதைச் சொன்னார். அந்த அம்மா தாளில் டிக் அடித்தார். அப்புறம் நீளமாக ஒன்று கேட்டார்.

“ஒனக்கு எதுக்குட்டி நர்சு வேல?”

இந்தக் கேள்விக்கு முப்புடாதி பல நாளாகப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். தயாரித்ததெல்லாம் பொய். அதனால் வாயில் வந்ததைச் சொன்னாள்.

“சம்பளம் வரும். இந்த ஊர்ல இருந்து போயிரலாம். இன்னொண்ணும் இருக்கு. ஊசி போட வர்ற நர்சம்மா எங்க தெருவுக்குள்ள வரமாட்டாங்க. முக்குல நின்னுக்கிட்டு எல்லாரையும் அங்க வரச் சொல்லுவாங்க. எங்க சித்தி பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் நடந்து போனா, பிரசவம் ஆகி மறுநாளு. ரத்தம் தெரு பூரா. நான் நர்சானா வீட்டுக்குள்ள போயி, பாயில உக்காந்து, கையத் தொட்டு ஊசி போடுவேன்.”

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.  அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். போர்டைப் பார்த்துத் திரும்பினார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. எதையோ எழுதிக்கொண்டார்.

“என்ன சொன்னீங்க மொதலாளி?”

“சேவைன்னேன். அதுக்குள்ள எல்லாம் அடங்கிருச்சு.”

அதற்குப் பிறகு அவர் அவளைக் கேட்கவே இல்லை. அந்த அம்மா கேட்க, அவர் சொல்ல, அவர் கேட்க, அந்த அம்மா சொல்ல என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் அவர் வேட்டியைத் தூக்கித் தன் முழங்காலைக் காட்டினார். அந்த அம்மா முன்னால் சாய்ந்து பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். போர்டும் சேர்ந்து சிரித்தது. முப்புடாதி நின்றுகொண்டே இருந்தாள். கால் மாற்றி நின்றால் மரியாதை இல்லையோ என்று மாற்றாமலே நின்றாள். முடிவில் அந்த அம்மா கையை ஆட்டினார். அண்ணாச்சியைப் பார்த்துத்தான் ஆட்டினார்.

“நல்லாப் போச்சு,” என்று அண்ணாச்சி எழுந்தார். “நல்ல பொம்பள.”

பத்து நாளில் பதில் வந்தது. இங்கிலீஷில் வந்திருந்ததால் அன்றைக்கு யாரிடம் இருந்ததோ அந்த உரக்கடைக்காரர் தெரு முக்கில் நின்று வாசித்தார். சீட்டு கிடைத்துவிட்டது. கீழத்தெரு முழுக்கச் சத்தம். தங்கம் அக்கா குலவை போட்டாள். அம்மா மில்லிலிருந்து ஓடி வந்தாள், தலையில் கட்டின துண்டோடு.

“யாருக்குன்னு போட்டிருக்கு?” என்று கேட்டான் இசக்கித்துரை. அவன் எப்போதும் இப்படித்தான் குறுக்கே கேட்பான்.

உரக்கடைக்காரர் மறுபடி வாசித்தார். “முப்புடாதின்னு போட்டிருக்கு. அன்னைக்குப் பேசுனவங்களுக்குன்னு.”

சாயங்காலம் முப்புடாதி தனியாகவே மேலத்தெருவுக்குப் போனாள். அண்ணாச்சி வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி இட்லிப் பொடியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார்.

“மொதலாளி, அது என் சீட்டு.”

“இல்லன்னு யாரு சொன்னா?” என்றார் அண்ணாச்சி. கோபமே இல்லை. “ஒன் சீட்டுதான். ஆனா பேசுனது நான்லா. அவங்க பேசுனவங்களத்தான கூப்பிடுதாங்க. போகாம இருந்தா நம்ம பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேரு. அடுத்த வருசம் எந்தப் பிள்ளையையும் கூப்பிட மாட்டான்.”

“பேரு என் பேருல்லா போட்டிருக்கு?”

“ஆமா. அதான் பேரையும் நானே கொண்டுபோறேன். அங்க போயிப் பேரில்லாம நிக்க முடியுமா?”

“நீங்க ஆம்பளல்லா. அது பொம்பளப் பிள்ளைக காலேஜு.”

“ஆஸ்டல்ல கீழ்த்தளம் குடுக்கதாச் சொல்லியிருக்காங்க. முட்டிவலிக்கு மாடி ஏற முடியாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்.”

 எங்கே தொட்டாலும் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிற விஷயத்தோடு சண்டை போடுவது மாதிரி எரிச்சல் வேறு இல்லை. வாசலில் இறங்கும்போது அவர் மனைவி கூப்பிட்டு, “அங்க தண்ணி எப்படி இருக்கும், ஒனக்குத் தெரியுமாட்டி?” என்று கேட்டார். தெரியாது என்றாள்.

அண்ணாச்சி போகும் அன்று உரக்கடைக்காரர் இங்கிலீஷை இறக்கினார். அண்ணாச்சி ஏற்றிக்கொண்டார். அங்கே பாடமெல்லாம் இங்கிலீஷில்தான் என்பதால் இதற்கு யாரும் முறை பேசவில்லை. பரிவட்டம் கட்டி பஸ் ஏற்றிவிட்டார்கள். படிப்பு முடிகிற வரைக்கும் இங்கிலீஷ் ஊருக்கு வராது என்று ஆனது. ஆனாலும் மேலே இருப்பவர்கள் போர்டைத் திருப்பி எடுக்கவில்லை. அவர் தினமும் ஹாஸ்டலிலிருந்து போர்டில் வந்து பேசினார். எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் கேட்டிருப்பார் போல. பதில் சொல்ல யாரிடமும் இங்கிலீஷ் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலி டீச்சர் மட்டும் ஒவ்வொரு நாளும் எழுந்து நின்று, வாயைத் திறந்து, பிறகு உட்கார்ந்தார்.

மறுவாரம் ஒரு நாள் காலையில் வருகை எடுக்கும்போது ஹெட்மாஸ்டர் அந்தப் பெயர் வந்ததும் நிறுத்தினார்.

“முப்புடாதிதான் மதுரைக்குப் போயாச்சே. நீ இங்க எதுக்கு நிக்க?”

“சார், நான்—”

“பேரு அடிச்சாச்சும்மா. பேரில்லாம ஒக்கார வச்சா என்னயக் கேப்பாங்க.”

அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் படிப்பு. மில்லில் அண்ணாச்சியின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் அவளுடைய இடத்துக்குப் போயிருக்கிறார், அப்படியானால் அவருடைய இடம் யாருடையது என்று கணக்குப் பார்க்க யாரும் வரவில்லை. அதில் போய் உட்காரும்படி யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. ஒரு நாள் அவளாகவே போய் அதன் பக்கத்தில் நின்று பார்த்தாள். கணக்குப்பிள்ளை, “என்ன வேணும்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று களத்தில் இறங்கி அம்மாவோடு நெல் துழாவ ஆரம்பித்தாள்.

கடிதங்கள் வந்தன. அன்புள்ள அம்மாவுக்கு முப்புடாதி எழுதிக்கொண்டது என்றுதான் ஆரம்பிக்கும். அண்ணாச்சியின் கையெழுத்து கொஞ்சம் சாய்ந்து இருக்கும். ஹாஸ்டலில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது. எலும்பு பாடம் கஷ்டமாக இருக்கிறது. கூடப் படிக்கிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், சடை பின்னிவிடுகிறார்கள். அம்மா வெயிலில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். இதையெல்லாம் அவள்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

“அக்கறையா எழுதுதா பாரு,” என்பாள்.

“நான் இங்கனதானம்மா இருக்கேன்.”

“நீ எந்தக் காலத்துல வெயில்ல நிக்காதன்னு சொன்ன?”

அது உண்மைதான். அவள் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா, மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். நல்லாப் படிக்கா என்று அம்மா சொன்னாள். அவள் போனை வாங்கி, அப்பா என்றாள். யாரு பேசுறது என்று அப்பா கேட்டார். பக்கத்துல ஒரு பிள்ளை நிக்கி என்றாள் அம்மா. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்க் கோழியைக் கல்லால் எறிந்தாள். படவில்லை.

பொங்கலுக்குக் கல்லூரி லீவு விட்டார்கள். மேலத்தெருக்காரர்கள் மாலையும் மேளமுமாக பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். அண்ணாச்சி இறங்கினார். வெள்ளை யூனிபாரம், வெள்ளை ஷூ. நரைத்த முடி வளர்ந்து இரட்டைச் சடையாக இருந்தது, ரிப்பன் கட்டியிருந்தது. மாலைகளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வழி விலகச் சொல்லிக் கீழத்தெருவை நோக்கி நடந்தார். மேளக்காரர்கள் தெரு முக்கு வரைக்கும் பின்னால் வந்தார்கள். அங்கே நின்றுவிட்டார்கள். அவர் உள்ளே வந்தார். இரண்டு பக்கமும் ஜனங்கள் வாசலில் எழுந்து நின்றார்கள். மண்டகப்படி முறை வந்த பிறகு இங்கிலீஷ் அந்தத் தெருவுக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குள் அவள் அப்போதுதான் மில்லிலிருந்து வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மா வாசலுக்கு ஓடினாள். அண்ணாச்சியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“மெலிஞ்சு போயிட்டியேட்டி. அங்க ஒழுங்கா சோறு போடுதாங்களா, இல்லையா?”

“சாம்பார் ஒரே தண்ணிம்மா,” என்றார் அண்ணாச்சி.  ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். இடம் பத்தவில்லை.

அம்மா சோற்றுப் பானையைத் திறந்தபடியே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“ஏட்டி, கொஞ்சம் தள்ளி உக்காரு. முப்புடாதி வந்திருக்கால்லா.”

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.